கம்பிக்கு மேலே

அட்ராக்டா கில்ஹூலி அமர்ந்திருந்து நாங்கள் கண்டது ஞாயிறு திருப்பலியில் மட்டுமே. அங்கும் மறையுரை சற்று நீண்டால் அவள் குதிகால் தரையைத் தட்டத் தொடங்கிவிடும். பகலெல்லாம் கூட்டுறவுக் கடையில் நின்றுகொண்டு மாட்டுத் தீவனமும் வேலிக் கம்பியும் விற்பாள். கடை அடைத்ததும் ஈரப் புல்லில் நின்றுகொண்டு எங்கள் கோயில் பங்கான ட்ரம்கீலின் சிறுமிகளுக்கு நாட்டின் பழைய ஆட்டமான கேலிக் பந்தாட்டம் பயிற்றுவிப்பாள். தேநீரையும் நடந்தபடியே குடிப்பாள். அவள் பெயருக்குரிய புனிதை ஏரி நீரை இரண்டாய் விலக்கி மக்களைக் கரை சேர்த்தாள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இவளுக்கு விலக்கித் தரும் நீர் எதுவும் வாய்க்கவில்லை. இருந்தவை ஒரு பழைய வேனும், ஓயாத கால்களும், பதினான்கு வயதுக்குட்பட்ட ஓர் அணியுமே.

எங்கள் பங்கில் பிள்ளைகள் ஒரு கைப்பிடி. அவர்களைக் கேட்கும் ஆட்டங்களோ இரண்டு. கேலிக் எங்களுடையது, பங்கின் பெயரால் ஆடுவது. சாக்கர் என்கிற கால்பந்து நகரத்தினுடையது, யார் வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். வியாழன்தோறும் அட்ராக்டா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்வாள். எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதில்லை. "வருவா, வருவா" என்று இருமுறை சொன்னால் வரமாட்டாள் என்று பொருள். அந்த வசந்தத்தில் இருமுறை சொன்னவர்களே மிகுந்திருந்தார்கள். ஆள் சேராமல் இரண்டு ஆட்டங்களை அவள் எதிரணிக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். மூன்றாவதையும் விட்டால் அணியின் பெயரையே போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

மூன்றாவது ஆட்டம் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு, எங்கள் திடலில், அண்டைப் பங்கான பாலின்வீனுக்கு எதிராக. பதினொருவருக்குக் குறைந்தால் ஆட விடமாட்டார்கள். ஏழு பேர் உறுதி. எஞ்சிய நால்வருக்கு அதே நாள் நகரத்தில் சாக்கர் இறுதியாட்டம் இருந்தது. அந்த அணியைப் பழக்கியவன் மலக்கி டான்சி. அட்ராக்டாவோடு ஒரே வகுப்பில் படித்தவன், தானும் ஒரு காலத்தில் ட்ரம்கீலுக்குக் கேலிக் ஆடியவன். அதனால்தான் அவள் அவனை இன்னும் மன்னிக்கவில்லை. அந்த வாரம் வேலிக் கம்பி வாங்க வந்தவனை அவள் கடை மேசையிலேயே மடக்கினாள்.

"என் பிள்ளைங்க நாலு பேரு உன்கிட்ட இருக்காங்க, மலக்கி."

"உன் பிள்ளைங்களா? பெத்தவங்களுக்கு இது தெரியுமா?"

"விளையாடாத. ரெண்டு மணிக்கு உன் ஆட்டம் முடிஞ்சிரும். முடிஞ்ச கையோட நாலு பேரும் என் வேன்ல ஏறணும். போட்டோ, ஐஸ்கிரீம் எல்லாம் அப்புறம்."

"ஜெயிச்சா கோப்பையத் தூக்கவாவது விடுவியா, அம்மணி?"

"தூக்கிக்கிட்டே ஏறட்டும்."

"சமனா நின்னு கூடுதல் நேரம் போச்சுன்னா?"

"போகாம பாத்துக்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்காமல் கம்பிச் சுருளை அவன் முன்னே தொப்பென்று போட்டாள்.

சாக்கர் திடலில் அவள் கால் வைத்தது அந்தச் சனிக்கிழமைதான் முதன்முறை. மேட்டுச் சரிவில் எங்கள் பங்குக்காரர் பத்துப் பதினைந்து பேர் நின்றோம். அவள் எங்களோடு நிற்கவில்லை. வேனைச் சரிவின் அடியில் வாசலை நோக்கித் திருப்பி நிறுத்தி, கேலிக் உடுப்புகளைப் பின்னிருக்கையில் எடுத்து வைத்துவிட்டு, கோட்டோரமாக நடந்தாள், திரும்பினாள், மீண்டும் நடந்தாள். முதற்பாதியில் அணிக்கொரு கோல். இரண்டாம் பாதி அசையாமல் நின்றது. சாக்கரில் ஒரு கோல் விழவேண்டுமென்று அவள் வாழ்நாளில் வேண்டியதில்லை. அன்று வேண்டினாள். சட்டைப்பைக்குள் அவள் விரல்கள் ஜெபமாலை மணிகளை உருட்டுவதை, எங்களைக் கடந்து நடந்தபோது நான் கண்டேன்.

கடைசி நிமிடத்தில் எதிரணிப் பெண் ஒருத்தியின் கையில் பந்து பட்டது. நடுவர் விசில் ஊதிப் பெனால்டி கொடுத்தார். மலக்கி தயங்காமல் முய்ரன் கீவ்னியைக் கை காட்டினான்.

அட்ராக்டாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. முய்ரன் அவளுடைய நால்வரில் ஒருத்தி, அணியிலேயே சிறந்தவள், பந்தைத் தரையில் வைத்து அடிக்கும் அடிகள் அனைத்தும் அவளுக்கே உரியவை. கேலிக்கில் பந்து கோலின் குறுக்குக் கம்பிக்குக் கீழே போனால் கோல், மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. கோலுக்கு ஆசைப்பட்டு இரண்டையும் இழக்கும் பிள்ளைகளே அதிகம் என்பதால், "மனசு தடுமாறினா மேல அடி, புள்ளிய எடு" என்று இரண்டாண்டுகளாக மாலைதோறும் அவளுக்குப் பாடம் நடந்திருந்தது.

முய்ரன் பந்தை வைத்தாள். பின்னே நகர்ந்தாள். கோல்காப்பாளரை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் மனம் தடுமாறியிருக்க வேண்டும். பந்து எழுந்தது, அழகாக, நேராக, கம்பியின் நடுப்பகுதிக்கு மேலே பறந்து மறுபுறத்து வேலியைத் தாண்டியது.

மேட்டுச் சரிவில் நாங்கள் கைதட்டினோம்! பேக்கி லேவின் என்ற கிழ விவசாயி, "நல்ல புள்ளிம்மா!" என்று கூவியே விட்டார். நகரத்தார் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"நீ பழக்குன அடி அது!" என்று மலக்கி திடலின் மறுகோடியிலிருந்து கத்தினான்.

"ஆமாய்யா, நான் பழக்குனதுதான்!" என்று அவளும் கத்தினாள்.

நடுவர் கூடுதல் நேரம் அறிவித்தார். பிள்ளைகள் தண்ணீர் குடிக்கக் கலைந்தபோது முய்ரன் தண்ணீர் பக்கம் போகவில்லை. நேரே வேனுக்கு வந்தாள், உதடு வெளுத்திருந்தது.

"கதவத் திறங்க, அட்ராக்டா. இப்பக் கிளம்புனா போயிரலாம். நான் கூப்பிட்டா அவங்க மூணு பேரும் வந்துருவாங்க."

வருவார்கள்தான். மற்ற மூவரும் முய்ரன் போகும் வழியில் போகிறவர்கள். பாதை முக்கால் மணி நேரம்; அப்போதே கிளம்பினால் மூன்று மணிக்குள் போய்விடலாம், கூடுதல் நேரமும் ஆடினால் முடியாது. சாவி அட்ராக்டாவின் கையிலேயே இருந்தது. பதினொருவர் சேர்ந்துவிடுவார்கள், அணி பிழைத்துவிடும். அவள் கதவின் கைப்பிடியைப் பிடித்ததை நான் பார்த்தேன். ஆனால் பிழை செய்த கணத்தில் களத்தைவிட்டு இறங்கிய பெண்பிள்ளைகளை அவள் அறிவாள். அவர்களில் எவளும் எந்தக் களத்துக்கும் திரும்பி வந்ததில்லை.

"உன் ஆட்டம் இன்னும் முடியல. உள்ள போ."

"நம்ம ஆட்டம்?"

"அது என் பாடு. ஓடுடி, ஊதிருவாங்க!"

சிறுமி அரை நொடி நின்றாள், பிறகு ஓடினாள். அட்ராக்டா போனை எடுத்துப் பாலின்வீன் பயிற்சியாளர் பெர்னி ஷிவ்னனை அழைத்தாள். முன்பொரு நடுவர் தீர்ப்பில் உறவு முறிந்ததிலிருந்து இருவரும் புள்ளிக் கணக்கைத் தவிர வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை. அவசரத்தில் விரல் எங்கோ பட்டு ஒலிபெருக்கியும் திறந்துகொள்ள, எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"பெர்னி, நான் அட்ராக்டா. ஆள் சேரல. ஆட்டம் உங்களுது."

"இது மூணாவது இல்ல?"

"மூணாவதுதான்."

"நம்ம ஆட்டத்து நடுவர் அடுத்த ஊருக்குப் போகணும்கிறார். இல்லன்னா காத்திருப்பேன். உனக்காக இல்ல, பிள்ளைங்களுக்காக."

"தெரியும்." அவள் வேனைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். தயங்கினால் வாய் வராது என்பதுபோல் ஒரே மூச்சில் கேட்டாள்: "உன் அணியில இடமிருக்கா? பதினொரு பேருக்கு?"

மேட்டுச் சரிவில் யாரோ தொப்பியைக் கழற்றினார். ட்ரம்கீல் பாலின்வீனிடம் எதையும் கேட்டதாக எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

"எங்க ஜெர்சிதான் போடணும்," என்றாள் பெர்னி.

"போடுவாங்க."

"நீயும் வா. எங்க கோட்டோரம் கத்துறதுக்குச் சரியான ஆளில்ல."

அட்ராக்டா வாய் திறக்குமுன் திடலில் பெருங்கூச்சல் எழுந்தது. போனைக் கையில் பிடித்தபடியே அவள் கோட்டை நோக்கி ஓடினாள்.

"என்ன சத்தம்? யாரு அடிச்சா?" என்று பெர்னியின் குரல் அவள் கைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே போனது.

"அவங்க!" என்றாள் அட்ராக்டா. "ஒண்ணு பின்னால இருக்கோம். இரு, வைக்காத. முய்ரன்! அவளப் பிடி, அந்தச் செவப்பு முடிக்காரிய! விடாத!"

பந்து எதிர்க்கோடிக்குப் போயிற்று. அவளும் கோட்டோரமாகவே கூட ஓடினாள்.