சின்னவனின் மகன்

நான் ஒரு தகப்பனின் பெயரைத் திருடியவன். மகன் பெற்ற வெற்றிகளை எல்லாம் பெற்றவனுக்குத் தராமல், பெற்றவனின் அண்ணனுக்குக் கொண்டுபோய்ச் சூட்டினேன்.

தகப்பன், மகன், அண்ணன் மூவரும் குதிரைகள்... சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நானும் என் மனைவி கோமதியும் இதைச் சொல்லிச் சொல்லிப் பல வருடங்கள் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

புனேவுக்கு வெளியே ஒரு பந்தயக் குதிரைப் பண்ணையில் நான் மேற்பார்வையாளனாக இருந்தேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ராணுவத்தில் குதிரைகளோடு பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பண்ணைக்கு வந்தேன். குதிரைகளின் பந்தயப் பெயர்களைச் சொல்லமாட்டேன். நான் கூப்பிட்ட பெயர்களே உங்களுக்குப் போதும்.

முதலில் ராஜாத்தி. மழைக்காலப் பந்தயங்களில் ஓடுவதற்கென்றே பிறந்தவள். புனே மைதானம் நனைந்து சேறாகிவிட்டால் மற்ற குதிரைகள் முகம் சுளிக்கும். இவளுக்கோ குஷி பிறந்துவிடும்! பின்னால் ஓடுகிறவர்கள் மேல்தான் சேறு தெறிக்கும். பந்தயம் முடிந்து வரும்போது ராஜாத்தியின் முகம் கழுவி விட்டதுபோல் இருக்கும். அதைப் பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும், முடிவுப் பலகையைப் பார்க்க வேண்டாம்.

பந்தயத்தில் ஓடும் காலம் முடிந்ததும் அவளைக் குட்டி ஈனுவதற்காக எங்கள் பண்ணைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அவளுக்கு அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. இரண்டு வருடம் பொலிகுதிரையிடம் விட்டும் சினை பிடிக்கவில்லை. "இந்த வருடமும் இல்லையென்றால் அனுப்பிவிடுவோம்" என்றார் முதலாளி. அனுப்புவது என்றால் எங்கே? கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறவர் ஒருவர் ஏற்கெனவே வந்து அவளுடைய பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

எங்கள் பொலிகுதிரை பெரியவன். பெரிய பந்தயங்களை வென்றவன்; அவனுக்குத் தனி லாயம், தனி மேய்ச்சல் நிலம், தனி ஆள். அவனுடைய கூடப்பிறந்த தம்பி சின்னவன். அதே தாய், அதே தகப்பன், அதே செம்பழுப்பு நிறம். ஆனால் ஓடிய பந்தயங்களில் எல்லாம் கடைசியில் வந்தவன். அவனுக்குப் பண்ணையில் கிடைத்த வேலையைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பெட்டை பருவத்துக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க, மெத்தை வைத்துத் தைத்த ஒரு தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். டீஸர் என்று அதற்குப் பெயர். பெட்டைக்குப் பிடிக்கவில்லை என்றால் உதை அவனுக்கு. பிடித்துவிட்டால் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டு, பெரியவனைக் கூட்டிவருவார்கள். சின்னவன் தினமும் இதற்குத்தான் வந்தான். தினமும் ஆசையோடு வந்தான்!

கோமதி ஒருநாள் கேட்டாள்: "ஏங்க, கல்யாண வீட்டு வாசல் வரைக்கும் வரச்சொல்லி, பந்தியில உக்கார விடாம அனுப்புத மாதிரில்லா இருக்கு. ஒங்களுக்கு மனசு கேக்குதா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தான். ஆனா ஜெயிச்சவனுக்குத்தான் பந்தி" என்றேன்.

பிறகு அந்தக் குடிபாடுவா வந்தது. மராட்டியர்களின் புத்தாண்டு. பண்ணை ஆட்கள் எல்லாரும் வீட்டு வாசலில் 'குடி' என்கிற பட்டுத்துணி கட்டிய கம்பை ஏற்றப் போய்விட்டார்கள். மருத்துவரும் ஊரில் இல்லை. காலையில் பலகையருகே ராஜாத்தியை நிறுத்தினேன். பருவம் நன்றாகக் கூடியிருந்தது. பெரியவனின் லாயத்துக்குப் போனால், அவன் காய்ச்சலில் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அவன் தேற ஒரு வாரமாகும். அவள் பருவமோ இரண்டு நாளில் அடங்கிவிடும். அடுத்த தடவைக்கு முதலாளி காத்திருக்கமாட்டார்.

என்ன செய்வது? நான் ராஜாத்தியைப் பார்த்தேன். சின்னவனைப் பார்த்தேன். பலகைக்கு மேலாக இருவரும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றார்கள்.

கோமதியைக் கூப்பிட்டு ராஜாத்தியின் கயிற்றைக் கையில் கொடுத்தேன். தடுப்பைத் திறந்தேன்.

"முதலாளிக்குத் தெரிஞ்சா?" என்றாள் கோமதி.

"கயித்த இறுக்கிப் பிடி" என்றேன்.

வேலை முடிந்தபின் சின்னவன் வானத்தைப் பார்த்து ஒரு கனைப்புக் கனைத்தான் பாருங்கள்... அப்படி ஒரு சத்தம் அவனுக்குள் இருந்தது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஏனோ கண் நிறைந்துவிட்டது.

மத்தியானம் மும்பையிலிருந்து முதலாளி, வேலை முடிந்ததா என்று தொலைபேசியில் இந்தியில் கேட்டார்: "முத்து, ஹோ கயா?"

"ஹோ கயா, சாப்" என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பொய்யே சொல்லாமல் பொய் சொல்வது எத்தனை சுலபம்!

ராஜாத்தி சினையானாள். அடுத்த வருடம் ஒரு ஆண் குட்டி பிறந்தது. அப்போதெல்லாம் இரத்தத்தைப் பார்த்துத்தான் தகப்பனை உறுதி செய்வார்கள். சின்னவன் கூடப்பிறந்த தம்பி அல்லவா, அந்தப் பரிசோதனையிலும் வித்தியாசம் தெரியவில்லை. பெரியவனின் மகன் என்று பதிவாயிற்று. ராஜாத்தி பண்ணையிலேயே தங்கினாள்.

அந்தக் குட்டி ஓடினான்! இரண்டாயிரத்துக்குப் பின் வந்த மழைக்காலங்களில் அவன் ஓடியதைப் பார்த்தவர்கள் இன்றும் புனேயில் இருப்பார்கள். முதல் பந்தயத்தில் கடைசித் திருப்பம்வரை நடுவில் பதுங்கியிருந்து, பிறகு வெளிப்பக்கமாக வந்து எல்லாரையும் விழுங்கிவிட்டான். நானும் கோமதியும் பொதுஜனங்களோடு நின்று கத்தினோம். ஒலிபெருக்கியில் தகப்பன் பெயராகப் பெரியவனின் பெயரைச் சொன்னார்கள்.

கோமதி என் காதருகே சொன்னாள்: "அங்க ஒருத்தன் ஒண்ணும் தெரியாம கொள்ளு தின்னுட்டு நிக்கான்."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பக்கத்தில் நின்றவர் எனக்கு ஏதோ பெருந்தொகை விழுந்துவிட்டது என்று நினைத்துக் கை கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்கமாட்டேன். என் வாழ்நாளில் அதற்கு ஈடு எதுவும் இல்லை. மகன் ஒவ்வொரு முறை வென்றபோதும் சின்னவனுக்கு ஒரு உருண்டை வெல்லம் கொடுத்தோம். காரணம் தெரியாமலே தின்றான்.

ஆனால் மகனின் புகழைக் கேட்டு ஊர் ஊராகப் பெட்டைகள் பெரியவனைத் தேடி வந்தன. வேலை கூடியதால் முதலாளி புதிதாக ஓர் இளம் டீஸரை வாங்கினார். சின்னவனை, புனேயில் ராணுவக் குடியிருப்புகள் உள்ள வானவடியில் ஒரு குதிரையேற்றப் பள்ளிக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. குழந்தைகள் ஏறும் குதிரை சாதுவாக இருக்க வேண்டும் அல்லவா? அதனால் அனுப்புமுன் காயடித்துவிடச் சொன்னார்.

நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "சாப், அந்தப் பிள்ளையின் தகப்பன் இவன்தான்" என்று ஒரு வாக்கியம். சொன்னால் வேலை போகும், குடியிருப்பு போகும், மகன் வென்றதெல்லாம் ரத்தாகும்... இத்தனை காரணங்களும் உண்மை. ஆனாலும் அவை காரணங்கள்தானே?

தலைக்கயிற்றை நான்தான் பிடித்தேன். வேறு யார் பிடித்தாலும் அவன் மிரள்வான் என்று மருத்துவர் சொன்னார். என்னைப் பார்த்ததும் அவன் அமைதியாகிவிட்டான்.

அன்று சாயங்காலம் கோமதி தனியாகப் போய் அவனுக்கு ஒரு உருண்டை வெல்லம் கொடுத்துவிட்டு வந்தாள்.

பள்ளியில் அவன் சுகமாகவே இருந்தான். பொய் சொல்லவில்லை, நன்றாகவே இருந்தான். ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகள் பிடரிமயிரைப் பின்னிவிட்டு ரிப்பன் கட்டினார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் காட்டிக்கொண்டிருப்பான். எந்தப் பெட்டையும் அவனை உதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கோமதியும் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

அப்படி ஒரு ஞாயிறு. எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு, அவன் உடம்பைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி திரும்பினாள். தமிழ் வீட்டுப் பெண்தான். வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினாள்.

"அங்கிள், ஒங்களுக்கு இவன முன்னாடியே தெரியுமா? இவனுக்கு... பேபி யாராவது இருக்கா?"

கோமதி என் முகத்தையே பார்த்தாள். முதலாளி அங்கே இல்லை. வேலையிலிருந்தும் நான் அப்போது நின்றுவிட்டிருந்தேன். அந்தப் பிள்ளையிடம் சொன்னால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை.

"இல்லம்மா" என்றேன்.

"அச்சோ, பாவம்" என்று சொல்லிவிட்டு, அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.