மலைமடிப்புக்கு அந்தப் பக்கம் பறக்க ஓர் அனுமதி

ட்ரோன் ஓட்டப் பழகியபோது எனக்கு முதலில் சொல்லித்தந்த விதி, அது எப்போதும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது. திரையில் தெரிந்தால் போதாது, வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும். தரையிலிருந்து நானூறு அடிக்கு மேலே போகக் கூடாது என்பது இரண்டாவது விதி. போடியைச் சுற்றி ராசிங்காபுரம், சிலமலைப் பக்கத்துத் தோட்டங்களை மேலேயிருந்து அளந்து வரைபடம் போட்டுக்கொடுப்பது என் தொழில். மாந்தோப்பும் மக்காச்சோளமுமாகப் பரந்து கிடக்கும் அந்த நிலத்தில் இரண்டு விதிகளும் என்னை ஒருநாளும் தடுத்ததில்லை. அவை இருப்பதே பல நாள் நினைவில் இருக்காது.

மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தை அளக்கப் போனபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. தோட்டத்துத் தொழிலாளர்களுக்கென்று அங்கே இரண்டு அறைகளில் ஒரு டிஸ்பென்சரி உண்டு. அதைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் என்னைவிட மூத்தவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மோளே என்பார். நான் ட்ரோனை இறக்குவதை அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டே வந்து, அது எவ்வளவு எடை தூக்கும் என்று கேட்டார். என்னுடையது ஒன்றும் தூக்காது, தூக்குகிற பெரியவை இருக்கின்றன என்றேன்.

"நாலு குப்பி ரத்தம் தூக்குமா மோளே?"

ஐப்பசி மழையில் ஜீப்புப் பாதை அறுந்துபோகும் என்று அவர் சொன்னார். காய்ச்சலில் கிடப்பவர்களின் ரத்தத்தைப் போடிக்கு அனுப்பிச் சோதிக்க வழியில்லை. ஆள் நடந்து கொண்டுபோனால், போய்ச் சேர்வதற்குள் அது கெட்டுவிடுகிறது. போன மழையில் ஒரு கர்ப்பிணிக்கு என்ன நோய் என்றே தெரியாமல் மருந்து கொடுக்க வேண்டியிருந்ததாம்.

எந்திரத்தால் முடியும், சட்டத்தில் இடமில்லை என்று நான் விளக்கினேன். நடுவில் ஒரு மலைமடிப்பு இருக்கிறது. கீழே நிற்கும் எனக்கு அதற்குப் பின்னால் பறப்பது தெரியாது.

"அப்ப யாரிட்ட கேக்கணும்?" என்றார் அவர்.

எதைச் செய்யக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். செய்ய விடுங்கள் என்று யாரிடமாவது கேட்கலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. ஜீப்பில் போடிக்கு இறங்கி வருகிற வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

விதிகளை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். தேர்வுக்குப் படித்தபோது தாண்டிப்போன ஒரு பக்கத்தில் அது இருந்தது. தகுந்த காரணமும் பாதுகாப்பும் காட்டினால், குறிப்பிட்ட விதியிலிருந்து அரசு விலக்கு அளிக்கலாம். அந்த வரியைப் படித்தபோது, நாள்தோறும் நடக்கிற தெருவில் புதிதாக ஒரு சந்து திறந்திருப்பதைப் பார்த்தமாதிரி இருந்தது. போடியில் சின்ன மருத்துவமனையும் பரிசோதனைக்கூடமும் நடத்தும் டாக்டர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். எடை தூக்கும் ட்ரோனைத் தானே வாங்கித் தருவதாகவும், அனுமதி வாங்குவது என் பாடு என்றும் சொல்லிவிட்டார்.

வனத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் நடந்தது தனிக்கதை. டெல்லியில் விமானப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்துக்கு வெகுநாள் கழித்து ஓர் அழைப்பு வந்தது. திரையில் ஒரு பெண் அதிகாரி. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில்தான் பேசினோம். அதட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ புதிர் போடுகிறவரைப்போலக் கேட்டார். நானூறு அடி என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தத் தரையிலிருந்து?

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ட்ரோனை ஏற்றி இறக்க மலையடிவாரத்தில் நான் தேர்ந்திருந்த மாந்தோப்பிலிருந்து கணக்கிட்டால் ட்ரோன் பாதி மலையில் முட்டிக்கொள்ளும். அதற்கு நேர்கீழே இருக்கும் தரையிலிருந்து என்றால், தரை ஏற ஏற அதுவும் ஏற வேண்டும். சரிவில் தரையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. இத்தனை நாளாக ஒரே ஒரு தரைதான் உண்டு என்பதுபோல நான் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன். நேர்கீழே இருக்கும் தரைதான் என்று திருத்திச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

அடுத்த கேள்வி, நடுவழியில் எந்திரம் விழுந்தால் கீழே யார் இருப்பார்கள் என்பது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, காடு, ஆள் நடமாட்டம் இல்லை என்று எழுதியிருந்தேன். நடந்து பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று பேச்சை முடித்துக்கொண்டார்.

அந்த வாரமே நானும் நர்ஸ் அக்காவும் தோட்டத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் கீழே இறங்கினோம். ஏலச்செடிகள் முடிந்து காப்பி வந்தது. அட்டைக்குப் பயந்து காலில் புகையிலைத்தூள் தேய்த்திருந்தோம். மடிப்புக்குள் இறங்கியதும் நர்ஸ் அக்கா நின்று கையைக் காட்டினார். பலா மரத்துக்கு அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

மரத்தின் நிழலில் தகரம் வேய்ந்த ஒரு வீடு. செயற்கைக்கோளுக்கு மரம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வெளியே வந்தார். புருஷன் மிளகு மூட்டையோடு போடிக்குப் போயிருப்பதாகச் சொன்னார். பாலில்லாத தேநீர் கொடுத்துவிட்டு, என்ன சோலியாக இந்தப் பக்கம் வந்தோம் என்று விசாரித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தத்தைப் பற்றியோ விழுவதைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அதுக்குக் கண்ணு இருக்குமா தாயி?"

கேமரா இருக்கும் என்றேன்.

"நான் அந்த ஓடையிலதேன் குளிக்கிறது. இங்கிட்டு யாரு வரப்போறான்னு இம்புட்டு வருசம் மறைப்புக்கூடக் கட்டல."

பறக்கும்போது கேமராவை அணைத்துவிட முடியும் என்று சொன்னேன். அணைத்திருப்பது தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கேமராவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெறும் மூடியைப் போட்டு, முதலில் அவரிடம் காட்டிவிட்டுத்தான் பறக்கவிடுவேன் என்றேன்.

"அப்பச் சரி. வீட்டுக்கு நேரா மட்டும் வேணாம். ஓடைக்கு அங்கிட்டுப் போகட்டும்."

வீட்டை ஒட்டியிருந்த பாறையில் ஏறி நின்று பார்த்தேன். கீழே என் மாந்தோப்பும் தெரிந்தது, மேலே டிஸ்பென்சரித் தகரமும் தெரிந்தது. எனக்கும் நர்ஸ் அக்காவுக்கும் மறைகிற வானம் முழுக்க அங்கே திறந்து கிடந்தது. ட்ரோன் வரும்போது பார்த்துச் சொல்வீர்களா என்று கேட்டேன். வீட்டில் இருந்தால் சொல்வேன் என்றார்.

வீடு இருப்பதையும், பாதையை வளைத்திருப்பதையும், அந்த அம்மா சொன்ன இரண்டு நிபந்தனைகளையும் அப்படியே எழுதி அனுப்பினேன். இதோடு விண்ணப்பம் செத்தது என்றார் டாக்டர். சாகவில்லை. கொஞ்ச நாளில் அனுமதி வந்தது. இந்த ஒரு பாதையில் மட்டும், பகலில் மட்டும், கேமரா இல்லாமல், மூன்று இடங்களில் ஆள் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் பறக்கலாம். சின்னக் கோளாறு என்றாலும் தெரிவிக்க வேண்டும்.

மூன்று பேருக்கும் கைக்கு அடக்கமான வாக்கிடாக்கி வாங்கினோம். அந்த அம்மாவுக்கு அதைப் பழக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. மூடியைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

முதல் நாள் வெறும் பெட்டியோடு அனுப்பினேன். ட்ரோன் ஏறிச் சின்னதாகி, மடிப்புக்குப் பின்னால் போனது. சத்தமும் நின்றது. திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் நான் மலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்காமல் பறக்கவிடுவது எப்படி இருக்கும் என்று பலமுறை கற்பனை செய்திருக்கிறேன். கையில் பிடித்திருந்த பிள்ளை கூட்டத்தில் நழுவிப் போனதுபோல இருக்கும் என்று நினைக்கவில்லை. அப்போது வாக்கிடாக்கி கரகரத்தது.

"வருது தாயி. ஓடைக்கு அங்கிட்டுத்தேன் போகுது."

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் அக்காவின் குரல் "எத்தி, எத்தி" என்றது. வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு ஒருநாள் வெயில் ஏறியபின் அனுப்பியபோது, மடிப்பைத் தாண்டியதும் திரையில் எண்கள் உறைந்துவிட்டன. தொடர்பு அறுந்துவிட்டது. என்ன செய்கிறது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் பதறவில்லை.

"நிக்குது. காத்து கீழருந்து தூக்குது, கெடந்து ஆடுது." வாக்கிடாக்கி மறுபடி கரகரத்தது. "இப்பத் திரும்புது தாயி. உன் பக்கமா வெரசா வருது."

தொடர்பு போனால் தானாகத் திரும்பும்படி அதற்குச் சொல்லிவைத்திருந்தோம். திரும்பி வந்து மாந்தோப்பில் இறங்கியது. ஒன்றும் விழவில்லையே, இதை எதற்கு எழுத வேண்டும் என்றார் டாக்டர். எழுதாமல் விட்டால் என்ன நடந்தது என்று எனக்கே கடைசிவரை தெரியாது என்று தோன்றியது. எழுதினேன்.

அனுமதியை நிறுத்திவைக்கிறார்கள் என்று சொல்லத்தான் அதிகாரி கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவர் அந்த அம்மா சொன்னதைச் சொன்னபடியே சொல்லுங்கள் என்றார். தமிழில் சொல்லி மொழிபெயர்த்தேன். கீழிருந்து தூக்குகிற காற்று என்றதும் நிறுத்தி, எந்த நேரத்தில் என்று கேட்டார். சரிவு சூடேறினால் காற்று மலையேறத் தொடங்கும். எங்கள் இருவருக்கும் அது பாடத்தில் படித்த விஷயம்தான், இந்த மலையில் எப்போது தொடங்கும் என்பதுதான் தெரியாமல் இருந்தது. சில காலைகள் பறந்து பார்த்து எழுதினோம். வெயில் நன்றாக ஏறுமுன் மட்டுமே பறக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை கூடியது. தொடர்பு அறாமலிருக்க, பாறை மேல் ஒரு சின்ன ஆன்டெனாவும் நட்டோம்.

ஐப்பசியில் பாதை அறுந்தது. ஜார்க்கண்டிலிருந்து காய் பறிக்க வந்திருந்த ஓர் இளம்பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். கண் மஞ்சளாக இருக்கிறது என்றார் நர்ஸ் அக்கா. மழை விட்டிருந்த ஒரு காலையில் அவளுடைய ரத்தம் கீழே வந்தது. பெட்டியைத் திறந்தபோது ஐஸ் கட்டி உருகாமல் இருந்தது. எலிக்காய்ச்சல் என்று மதியத்துக்குள் தெரிந்தது. கையிலிருக்கும் எந்த மாத்திரையை முதலில் கொடுப்பது என்று டாக்டர் போனில் சொன்னார். அங்கே இல்லாத ஊசிமருந்து மறுநாள் காலை பறந்து போனது.

பாதையைச் சரிசெய்த பிறகு மேலே போனேன். அந்தப் பெண் பிழைத்து, மெலிந்து, டிஸ்பென்சரி வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். பேச எங்களுக்குப் பொதுவான மொழி இல்லை. நான் கொண்டுபோய் மேசைமேல் வைத்திருந்த ட்ரோனைக் காட்டி நர்ஸ் அக்கா ஏதோ சைகை செய்தார். அவள் எழுந்து வந்து, அதைச் சுற்றிலும் நடந்து பார்த்தாள். பிறகு ஓர் இறக்கையை விரலால் மெதுவாகச் சுழற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.