வாக்குச்சீட்டில் ஒரு பிள்ளையார் சுழி

"இது என்ன, நத்தையோ?" என்று க்ரூகர் கேட்டபோது மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்த நத்தையைப் போட்டவரோடு முப்பது வருடத்துக்கு மேலாகக் குடும்பம் நடத்துகிறேன்.

நான் பீலெஃபெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரத்தின் நகரசபையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். நகரசபை ஊழியர் என்றால் தேர்தல் ஞாயிறுகளில் வால்ஹெல்ஃபராக, அதாவது வாக்குச்சாவடி உதவியாளராக, இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்துச் சின்னக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட நாள் முழுக்க உட்கார வேண்டும். மாலையில் பெட்டியைக் கவிழ்த்து எண்ண வேண்டும். இனி இந்த வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். பயிற்சி வகுப்பில் சொல்லித் தர மாட்டார்கள்.

1. காலி நாற்காலி

அந்த வருடம் மாவட்டத் தலைவருக்கான தேர்தல். இங்கே அந்தப் பதவிக்கு லாண்ட்ராட் என்று பெயர். பழைய லாண்ட்ராட் வெகு காலம் இருந்தார். அது அவருடைய பெயர் என்றே என் பிள்ளைகள் சின்ன வயதில் நினைத்திருந்தார்கள். அவர் போதும் என்று ஒதுங்கியதும் நாற்காலிக்கு ஐந்தாறு பேர் பாய்ந்தார்கள். அவர்களில் இரண்டு பேரைத்தான் ஊர் பேசியது. ஒருவர் கட்டில், மேசை விற்கும் தளபாடக் கடைக்காரர். எங்கள் கோயில் தேருக்கு வந்து, வேட்டி கட்டி, மோதகம் தின்று, படமும் எடுத்துக்கொண்டு போனவர். மற்றவர் ஒரு முன்னாள் பள்ளி அதிபர், பெண். அவர் கோயில் பக்கமே வரவில்லை. எங்கள் பகுதிக்கு விடியற்காலை பஸ் விடுவேன் என்று மட்டும் சொன்னார்.

என் கணவர் சிவநேசன் அந்த வருடந்தான் ஜெர்மன் குடியுரிமை எடுத்திருந்தார். "நான் ஊருக்குத் திரும்பிப் போறன், எனக்கேன் இவங்கட பாஸ்போட்" என்று அதுவரை இழுத்தடித்தவர். வாழ்க்கையில் அவருக்கு அதுதான் முதல் வோட்டு. தானே தேர்தலில் நிற்பது போல வீட்டில் ஒரே அமளி.

"மோதகம் திண்ட மனிசனுக்குத்தான் என்ர வோட்டு" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார்.

"அப்ப பஸ்?" என்றேன்.

"பஸ் ஆருக்கப்பா வேணும்? எங்களிட்டைக் கார் நிக்குது."

காரும் நிற்கும், அவரும் குறட்டை விடுவார். விடியாத இருட்டில், பனியில், நகரசபை வரை நடப்பவள் நான்.

2. இதயமும் நத்தையும்

வாக்குச்சீட்டில் ஒரு புள்ளடி, அதாவது ஒரு பெருக்கல் குறி, மட்டுமே இருக்கலாம். வேறு எழுத்து, படம், வசவு எது இருந்தாலும் செல்லாது. சந்தேகமானவற்றை மேசையில் போட்டுக் கை உயர்த்தித் தீர்மானிப்போம்.

அன்று முதலில் வந்தது கடைக்காரருக்கு விழுந்த சீட்டு. புள்ளடிக்குப் பக்கத்தில் யாரோ குட்டியாக ஓர் இதயம் கீறியிருந்தார்கள். எங்களோடு எண்ணிக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவி லேனாவுக்கு மனம் இளகியது. ஜெர்மன் மொழியில் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

"பாவம், விடுவமே."

"சட்டமெண்டால் சட்டந்தான். பாவம் பாக்க ஏலாது" என்று நீட்டி முழக்கி முதலாவதாகக் கை உயர்த்தியவள் நான். இதயம் செல்லாமற் போனது.

அடுத்துத்தான் நத்தை வந்தது. சீட்டின் தலையில் ஒரு "உ". கீழே இரண்டு கோடு, கோடுகளுக்கு நடுவில் ஒரு புள்ளி. பிள்ளையார் சுழி போடும் தமிழர் எங்கள் நகரத்தில் நிறையப் பேர். நடுவில் புள்ளி வைப்பவர் ஒருவர்தான். கடைச் சாமான் துண்டு, பார்சல், வருமான வரிப் படிவம் எதுவானாலும் அதை வைத்துவிட்டுத்தான் அவருக்கு மற்ற வேலை.

புள்ளடி எங்கே என்று பார்த்தேன். பஸ் விடுகிற பெண்ணுக்கு!

ஊரெல்லாம் மோதகத்துக்கு வோட்டுக் கேட்டுத் திரிந்த மனிதன், மறைப்புக்குப் பின்னால் போய் எனக்காக ஒரு பஸ்ஸுக்குப் புள்ளடி போட்டிருக்கிறார். முப்பது வருடத்தில் ஒரு பூ வாங்கித் தந்தவரில்லை.

சாவடித் தலைவரான க்ரூகர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேனை எழுதுதோ எண்டு கீறிப் பாத்திருப்பினம். செல்லும் எண்டு விடுவமா?"

லேனாவும் தலையாட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் நான் சாகடித்த அந்த இதயம் மேசையில் இன்னும் கிடந்தது.

"அது கிறுக்கல் இல்லை" என்றேன். "எழுத்து. எங்கட ஆக்கள் எதையும் தொடங்க முன்னம் போடுற சாமிக் குறி."

"அப்ப தெரிஞ்சுதான் எழுதினதோ?"

"ஓம்."

கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது. யாருடைய சீட்டு என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

அவர் வாசலிலேயே நின்றார். "என்னப்பா, என்ர ஆள் முன்னுக்கோ?"

"ஆர் உங்கட ஆள்?"

"மோதகந்தான், வேறை ஆர்!" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பொய் சொன்னார்.

எண்ணும்போது கண்டதை வெளியில் சொல்வதில்லை என்று காலையில் க்ரூகருக்குக் கை கொடுத்து உறுதி சொல்லியிருந்தேன். ஆகவே அவருக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

3. இரண்டாம் சுற்று

யாருக்கும் பாதிக்கு மேல் விழவில்லை. அந்த இருவருக்கும் இரண்டு வாரத்தில் மறுபடி போட்டி. எனக்குப் பெரிய கலக்கம். சுழி போடாதீர்கள் என்று அவரிடம் சொன்னால், சீட்டைக் கண்டேன் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் இன்னொரு நத்தை வரும், அதற்கும் நான் கை உயர்த்த வேண்டும். கடைசியில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் மைக்கைப் பிடித்தேன்.

"புள்ளடி மட்டும் போடுங்கோ. பேர், கையெழுத்து, பிள்ளையார் சுழி ஒண்டும் வேண்டாம். போட்டால் வோட்டுச் செல்லாது."

முன்வரிசையிலிருந்த சிவநேசன் உரத்துச் சிரித்தார். "இஞ்சாரும், வோட்டுச் சீட்டிலை எந்த விசரன் பிள்ளையார் சுழி போடுவான்?"

மண்டபமே சிரித்தது. அவர் மட்டும் சால்வையால் நெற்றியைத் துடைத்தார்.

இரண்டாம் சுற்றில் எங்கள் பெட்டியில் நத்தை ஏதும் இல்லை. பள்ளி அதிபர் மயிரிழையில் வென்றார். "என்ர ஆள் தோத்திட்டான்" என்று சிவநேசன் இரண்டு நாள் சோகமாகத் திரிந்தார். அது நடிப்பா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மறைப்பும் பெட்டியும் எனக்குத் தெரியாமல் இருக்கத்தானே! எண்ண உட்காரப்போகும் பிள்ளைகளே, உங்கள் வீட்டு வோட்டு எது என்று உங்களாலும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அது செல்லும் வோட்டு.