காதுக்காரருக்குக் கேட்காத சத்தம்

பட்டறைப் பலகையில் எழுதியிருந்த பெயரை யாரும் படித்ததில்லை. அவரைக் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பழைய கார் ஒன்று தெருமுனையில் திரும்பும்போதே, வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் அதன் நோயைச் சொல்லிவிடுவார் என்று பேச்சு. அதில் கொஞ்சம் மிகை உண்டு. ஆனாலும் நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார் என்றால், அரை நிமிடத்தில் இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்வார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

ஐம்பத்து நாலு வயதில் அந்தக் காது போக ஆரம்பித்தது. முப்பது வருடம் தகரக் கூரைக்குக் கீழே சுத்தியலும் கம்ப்ரசரும் அடித்த அடி. கனமான சத்தங்கள் அப்படியே இருந்தன. மெல்லிய சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. முதலில் கைபேசி அலாரம். பிறகு வாசல் மணி. பிறகொரு நாள், ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்முன் குனிந்து நின்றபோது டேப்பெட் சத்தம் தனக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது.

எஞ்சினின் மேல்மூடிக்குள் வால்வுகளை அமுக்கித் திறக்கும் சின்ன இரும்புக் கைகள் வரிசையாக இருக்கும். ராக்கர் என்பார்கள். ராக்கரின் நுனிக்கும் வால்வின் தலைக்கும் நடுவே நகத்தின் கனம்கூட இல்லாத இடைவெளி. அது கூடிப்போனால் டிக் டிக் என்று அடிக்கும். தையல் மெஷின் ஓடுவதுபோல, சன்னமாக, விடாமல். அதுதான் டேப்பெட் சத்தம். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தச் சத்தம்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சமாளித்தார். வண்டிக்காரரைப் பேசவிட்டு, சொல்கிற விதத்திலிருந்தே ஊகித்தார். மூடிமேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்தார். ஸ்குரூடிரைவரை வழக்கம்போலக் காதில் வைத்துக் கண்ணையும் மூடிக்கொண்டார். பத்துக்கு ஒன்பது முறை சரியாகவே அமைந்தது. இரண்டு வருடம் இப்படி ஓடியது.

அப்போதுதான் நூலகத்தம்மாவின் கார் வந்தது. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேசினால் பக்கத்து நாற்காலிக்கு மட்டுமே கேட்கும். அவருடைய கணவர் நில அளவையராக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட, வாரம் மூன்று நாள் மருத்துவமனையில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அதற்கென்றே அந்த முப்பது வருடக் காரை அம்மா விடாமல் வைத்திருந்தார். முன் சீட்டைச் சாய்த்துப்போட்டு அவரைப் படுக்க வைத்துத்தான் ஓட்டிப் போவார்.

டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்றார். காதுக்காரர் மூடியைக் கழற்றி, எட்டு வால்வுகளுக்கும் இடைவெளியை அளந்தார். ஆறாவது மட்டும் அதிகம். அளவுத் தகட்டை நுழைத்துத் திருகாணியைத் திருகிச் சரிசெய்து மூடிவிட்டார். செய்த வேலையில் குறை ஒன்றுமில்லை.

பத்தாம் நாள் அம்மா திரும்ப வந்தார். அதே சத்தம் மறுபடி கேட்கிறது என்றார். அன்றைக்குப் பட்டறையில் இரண்டு வண்டிகள் பிரித்துப் போட்டபடி கிடந்தன, அவற்றின் சொந்தக்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதுக்காரர் எஞ்சினை ஓடவிட்டு ஸ்குரூடிரைவரை வைத்தார். அவருக்குக் கேட்டதெல்லாம் எஞ்சினின் உறுமல் மட்டும்தான்.

பத்தே நாளில் இடைவெளி திரும்பக் கூடுகிறது என்றால் ஏதோ தேய்கிறது என்று அர்த்தம். தேய்கிறது என்றால் அங்கே எண்ணெய் போகவில்லை. இது அவருக்குத் தெரியாதா? மூடியைத் திறக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் திறந்தால், அவ்வளவு பேர் முன்னால், முதல் முறை சரியாகப் பார்க்கவில்லை என்று ஆகிவிடும். தனக்குக் கேட்காததை இந்த அம்மா கேட்கிறார் என்றும் ஆகிவிடும்.

"சத்தம் ஒண்ணும் இல்லம்மா. எஞ்சின் நல்லா இருக்கு" என்றார்.

"எனக்குக் கேக்குதே அண்ணே. இப்பக்கூட."

"நீங்க அவர நெனச்சுப் பயந்துக்கிட்டே ஓட்டுறீங்க. பயந்தா எல்லாமே சத்தமாத்தான் கேக்கும். தைரியமா போங்க."

நின்றிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். அம்மா முகம் சிவந்து, சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து, மழை கொட்டிய ஒரு காலையில், மருத்துவமனைக்குப் போகும் வழியில் பாலத்தின்மேல் அந்த ராக்கர் உடைந்தது. கரும்புகை வெளியே போகத் திறக்கவேண்டிய வால்வு திறக்கவில்லை. எரிந்த புகை வந்த வழியே, பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டருக்குத் திரும்பியது. பட்டாசு வெடித்ததுபோல் இரண்டு சத்தம், ஒரு குலுக்கல், வண்டி நின்றுவிட்டது. அந்த மழையில் வேறு வண்டி எதுவும் நிற்கவில்லை. கடைசியில் மரச்சாமான் ஏற்றிய லாரி ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தபோது, கணவருக்கான நேரம் தவறி, படுக்கையில் வேறொருவர் இருந்தார். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். விடிவதற்குள் அவருக்கு மூச்சு முட்டியது. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்.

இதெல்லாம் காதுக்காரருக்குத் தெரிந்தது, ஐந்தாம் நாள் அம்மா காரைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தபோதுதான். அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று காதுக்காரர் பிறகு பலமுறை நினைத்தார். அம்மாவோ, தப்பு தன்மேல்தான் என்றார். மழைக்கு முன்னால் போய்விடலாம் என்று அன்றைக்கு வேகமாக மிதித்துவிட்டாராம். எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லி அனுப்பியதை நான்தான் கெடுத்துவிட்டேன் என்றார். காதுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

அம்மா போனதும் மூடியைத் திறந்தார். ராக்கர்களைத் தாங்கும் தண்டில் எண்ணெய் வரும் துளை ஒன்று கரி பிடித்து அடைத்திருந்தது. ஆறாவது வால்வின் பக்கம் மட்டும் பளபளவென்று காய்ந்து கிடந்தது. உடைந்த ராக்கரைக் கையில் எடுத்தார். தண்டில் மாட்டும் துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. ஒரு நாளில் தேயும் தேய்மானம் இல்லை இது. அம்மா இரண்டாம் முறை வந்த அன்றைக்கு இது தெருவுக்கே கேட்கும்படி அடித்திருக்கும்.

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தப்புறம் அவர் மனைவி கார் சீட்டுகளுக்கு உறை தைப்பார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவர், கணவர் அந்த இரும்புத்துண்டை வைத்துக்கொண்டு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். காதுக்காரர் தலை நிமிராமல் நடந்ததைச் சொன்னார். தனக்கு அந்தச் சத்தமே கேட்கவில்லை என்பதையும் சொன்னார். யாரிடமும் சொல்லாததை முதன்முதலாகச் சொல்கிறோம் என்று நினைத்தபடிதான் சொன்னார்.

மனைவி அந்த இரும்புத்துண்டை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார் பிறகு. "வாசல் மணி அடிச்சா நீங்க என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் எந்திரிப்பீங்க."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"அதுகூடப் பரவாயில்லங்க. அந்த அம்மா ரெண்டாவது தடவ வந்துட்டுப் போனாங்கல்ல, அப்ப நான் ஜன்னல்கிட்டதான் இருந்தேன். வண்டி டிக் டிக்குன்னு அடிச்சிக்கிட்டேதான் போச்சு. எழுந்து வந்து சொல்லணும்னு நெனச்சேன். அத்தன ஆளுங்க முன்னாடி உங்கள எப்படிச் சொல்றது? திரும்ப மெஷின மிதிக்க ஆரம்பிச்சுட்டேன்."

இருவரும் அன்று சாப்பிடவில்லை. குற்றத்தை இரண்டு பேருக்குமாகப் பங்கு போட்டதில் பாரம் பாதியாகவில்லை, இரண்டு மடங்கானது. தன் மானத்தைக் காப்பாற்ற வேண்டிய வேலையை மனைவி தலையிலும் கட்டியிருக்கிறோமே என்று அவருக்கு அது தனியாகக் குத்தியது.

எண்ணெய் வரும் வழியைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, தண்டையும் ராக்கர் வரிசையையும் மாற்ற ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் அவரால் சரியாகத் தூங்க முடியவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாம் என்ற எண்ணமும் வராமல் இல்லை. அம்மாவே பழியை எடுத்துக்கொண்டாயிற்று, வண்டியும் ஓடப்போகிறது, யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அந்த அம்மா இனி ஒவ்வொரு முறை வேகமாக மிதிக்கும்போதும் தன்னையே நொந்துகொள்வார் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். நில அளவையர் முன்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். கால்கள் இன்னும் வீங்கியிருந்தன. உட்காரச் சொன்னார்கள். காதுக்காரர் நின்றுகொண்டே சொன்னார்.

"நீங்க வேகமா போனதால உடையலம்மா. நீங்க ரெண்டாவது தடவ வந்தப்பவே அது தேஞ்சு போச்சு. உங்களுக்குக் கேட்டது நெஜம். எனக்குத்தான் கேக்கல. ரெண்டு வருஷமா எனக்கு அந்தச் சத்தம் கேக்கறதில்ல. கேக்கலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, உங்களப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பிப் பார்க்காமலே, "ஒரு மாசமா எனக்கு மனசு சரியில்லன்னு நெனச்சுட்டு இருந்தேன். சத்தம் கேக்கும், கேக்கலன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்" என்றார்.

கட்டிலில் இருந்தவர்தான் மெல்லச் சிரித்தார். "காதுக்காரர்னு பேர் வெச்சுக்கிட்டு எங்களுக்கே காது குத்திட்டீங்களே."

சிரிப்பு இருமலில் முடிந்தது. காதுக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா தண்ணீர் எடுத்துவந்து கணவருக்குக் கொடுத்தார், வந்தவருக்குக் கொடுக்கவில்லை.

போகும்முன் காதுக்காரர் ஒன்று கேட்டார்: அம்மா வெளியே வந்து ஒரு தடவை எஞ்சினைக் கேட்டுச் சொல்ல முடியுமா? அம்மா யோசித்துவிட்டு வந்தார். ஸ்குரூடிரைவரை எப்படி ஊன்றுவது, பிடியை எப்படிக் காதெலும்பில் வைப்பது என்று அவர் செய்து காட்டினார். அம்மா ஒவ்வொரு வால்வுக்கு நேராகவும் வைத்து நிதானமாகக் கேட்டார். எட்டும் ஒரே மாதிரி இருக்கிறது, ஏழாவது மட்டும் ஒரு துளி கூர்மையாகக் கேட்கிறது என்றார். காதுக்காரர் அங்கேயே மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஏழாவதில் இடைவெளி மயிரிழை கூடுதலாகத்தான் இருந்தது. சரிசெய்துவிட்டு மறுபடி கேட்கச் சொன்னார். அம்மா தலையாட்டினார்.

அந்த மாதமே காதுக்காரர் காதைச் சோதித்துக்கொண்டார். கருவி ஒன்று பொருத்தினார்கள். வாசல் மணி கேட்கிறது. டேப்பெட் சத்தம் அரைகுறையாகத்தான் கேட்கிறது. இப்போதெல்லாம் வால்வு வேலை என்றால் எஞ்சினை ஓடவிட்டுவிட்டுச் சுவரைத் தட்டுகிறார். மனைவி தையலை நிறுத்திவிட்டு வந்து, எல்லார் முன்னாலும் ஸ்குரூடிரைவரை வைத்துக் கேட்டுச் சொல்கிறார். முதலில் சிலர் கேலி செய்தார்கள், சிலர் வேறு பட்டறைக்குப் போனார்கள். போனவர்களைப்பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை.

நூலகத்தம்மா மாதம் ஒருமுறை எண்ணெய் மாற்றக் காரைக் கொண்டுவருகிறார். வேலை முடியும்வரை காதுக்காரரின் மனைவியோடு உட்கார்ந்து பேசுவார். காதுக்காரரிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுவார். நில அளவையருக்கு அந்த நான்கு நாளுக்குப் பிறகு பழைய தெம்பு வரவே இல்லை. முன்பு காரிலிருந்து தானாக இறங்குவார், இப்போது தோள் கொடுக்க வேண்டியிருக்கிறது. அது அந்த நான்கு நாளால் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லிக் காதுக்காரரின் மனைவி ஒருமுறை சொன்னார். காதுக்காரர் இன்னும் கேட்கவில்லை.