அப்பா செய்த மீன் தொட்டி

திண்டுக்கல்லில் அயிரையை யாரும் வளர்ப்பதில்லை. வாங்குவார்கள், உப்புப் போட்டு உரசுவார்கள், புளி கரைத்துக் குழம்பு வைப்பார்கள். விரல் நீளம்கூட வராத அந்த மீனைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, எதிரே உட்கார்ந்து பார்த்தவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். எதிர்வீட்டு அக்கா தண்ணீர்க் குடத்தோடு போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "என்னடி, கொழம்ப வேடிக்க பாத்துக்கிட்டு இருக்க?" என்பாள். கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து திரும்பி வந்தவள் சிரிக்காமல் இருந்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள்.

எண்பதுகளின் நடுவில் என்னை ஒட்டன்சத்திரத்துக்குக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரருக்குக் காய்கறி மண்டி. தன்மையான ஆள் என்று ஊரே மெச்சும். அவர் பேச்சில் எத்தனை 'ங்க' இருந்ததோ, கையில் ஒன்றுகூட இருந்ததில்லை. ஒரு நாள் மதியம், உலையில் போட்ட அரிசியை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். அம்மா ரவிக்கையை விலக்கித் தோளைப் பார்த்தாள். மஞ்சள் பற்றுப் போட்டாள். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போ" என்றாள். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அப்பா வாயிலிருந்து ஒரே வார்த்தை. 'இங்கேயே இரு' என்று அவர் சொல்லிவிட்டால் அம்மாவும் தெருவும் அடங்கிவிடும். அதற்காகத்தான் தினமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அயிரையை உயிரோடுதான் விற்பார்கள். அம்மா வாங்கி வந்து சட்டித் தண்ணீரில் விட்டிருந்த மீனில் நாலைந்தை நான் எடுத்து ஒரு பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைத்தேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அப்பா அதைப் பார்த்தார். அவருக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. அடுத்த வாரம் இரும்புப் பட்டை வெட்டி, பற்றவைத்து, ஒரு சட்டம் செய்து கொண்டுவந்தார். படத்துக்குக் கண்ணாடி போடும் கடையில் கண்ணாடி வாங்கி, மூலைகளில் தண்ணீர் கசியாதபடி மக்கு அப்பி அடைத்தார். ஆள் உட்காரலாம் போல இருந்தது அந்தத் தொட்டி. தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"இம்புட்டுக் கனமா எதுக்குப்பா?" என்றேன்.

"கெடக்கட்டும் தாயி. ஒரே எடத்துலதான இருக்கப் போவுது" என்றார்.

அந்த வார்த்தையை எனக்காகச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். போகிறவளுக்காக யாராவது இவ்வளவு இரும்பைச் செலவழிப்பார்களா?

எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர். முதலில் விட்ட மீன்கள் அதில் செத்து மிதந்தன. அப்புறம் குடிதண்ணீரில் என் பங்கைக் குறைத்துக்கொண்டு ஊற்றினேன். குழாயில் தண்ணீர் அதற்குத் தோன்றியபோது வரும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. "மனுசருக்கே தொண்ட காயுது, இவ மீனுக்கு வார்க்குறா" என்று அம்மா புலம்புவாள். ஆற்று மணலைக் கலங்கல் போகும்வரை அலசி அடியில் பரப்பினேன். அதற்குப் பிறகு அவை நன்றாக இருந்தன. மார்க்கெட்டில் மீன் வாங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன்.

அயிரை வாய் நிறைய மண்ணை அள்ளி, தின்னக்கூடியதை வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாகத் தள்ளிவிடும். ஆள் நிழல் பட்டால் சட்டென்று மண்ணுக்குள் போய்விடும். கண் இரண்டும் மீசையும் மட்டும் வெளியே தெரியும். பயம் போனதும் ஒவ்வொன்றாக வெளியே வந்து ஒன்றையொன்று உரசிக்கொண்டு படுக்கும். மழை வரும் நாளில் மேலே ஓடி ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். அந்த வீட்டில் என்னை எப்போது போகிறாய் என்று கேட்காதவை அவை மட்டும்தான்.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் காலை, ஒட்டன்சத்திரத்திலிருந்து வெங்காய லோடு ஏற்றி வந்த லாரிக்காரர் வாசலில் நின்று, மதியம் மாப்பிள்ளை வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் சொன்னார். அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை எங்கள் வீட்டில் அயிரைக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். அப்பா பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்கு ஓடினார். வெறும் பையோடு திரும்பினார். அன்றைக்கு அயிரை வரவில்லை. பையை ஆணியில் மாட்டிவிட்டுத் தொட்டி முன்னால் செத்த நேரம் நின்றார்.

"ஒரு ஆளுக்குக் காணும்" என்றார். அம்மாவிடம்தான் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

"வேணாம்ப்பா" என்றேன். "நான் போகல. எனக்கு அங்க போக வேணாம்."

"போயி தலைக்குக் குளி. பூ வாங்கி வச்சிருக்கு" என்றாள் அம்மா.

குளியலறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். உயிருள்ள அயிரையில் கல்லுப்பைப் போட்டவுடன் மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வீடெல்லாம் துள்ளி ஓடும். மூடி படபடவென்று அடித்துக்கொண்டது. நான் சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஊற்றுவதை நிறுத்தியபோது அடுப்படியிலும் சத்தம் நின்றிருந்தது. அம்மாவை நான் மன்னித்துவிட்டேன், அவளுக்கு யாரும் எதையும் கேட்டுச் செய்ததில்லை. அப்பாவை இன்றுவரை முடியவில்லை.

மதியம் மாப்பிள்ளை வந்தார். காவி வேட்டி, நெற்றி நிறைய திருநீறு, கழுத்தில் துளசி மாலை. பழனிக்கு விரதம். அப்பா கும்பிட்டுக்கொண்டே ஓடினார். வந்தவர் சாக்கடை மேல் போட்ட கல்லிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க மாமா, உள்ள கவிச்சி காச்சிருக்கீங்க போல. மாலையோட நான் படி ஏறக்கூடாதுங்க."

"தெரியாமப் போச்சு மாப்ள. உங்களுக்குன்னுதான்..."

"பரவால்லைங்க. பூசம் முடிஞ்சு வந்து கூட்டிக்கிறேனுங்க. அதுவரைக்கும் அவ இங்கயே இருக்கட்டுங்க."

நான் இத்தனை மாதம் அப்பா வாயிலிருந்து வரும் என்று காத்துக்கிடந்த வார்த்தையை அவர் சொல்லிவிட்டுப் போனார், அதுவும் கெடு வைத்து.

"உன் மீனு வாடையிலதான் மனுசன் வாசலோட போயிட்டாரு" என்று அப்பா என்னைத் திட்டினார். பிறகு கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். குழம்பை வீணாக்குகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவர் மூன்றாம் சோற்றுக்கும் ஊற்றச் சொன்னார். நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் தொட்டியில் கலங்கல் அடங்கியது. மண்ணில் மீசை தெரிந்தது. அப்புறம் இரண்டு கண். ஒன்று தப்பித்திருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. பூசம் வரைக்கும் கொசுப்புழு பிடித்துப் போட்டேன். துணை இல்லாமல் அது பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே கிடந்தது.

பூசம் முடிந்து அவர் வந்தார். அன்றைக்குக் கோழி அடித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன், அது தெரிந்துதான் கேட்கவில்லை. அப்பாவே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். கிளம்பும்போது அம்மாவின் காதில் மட்டும் சொன்னேன்: "மண்ணுக்குள்ள ஒண்ணு கெடக்கும்மா. பாத்துக்க." அவள் தலையாட்டினாள்.

ஆடிக்கு என்னை அழைத்து வந்தபோது தொட்டி நிறைய சின்ன வெங்காயம் கிடந்தது. எங்கள் மண்டியிலிருந்து அவர் கொடுத்துவிட்டது.

"மீனு எங்கம்மா?" என்றேன்.

"அதுவா? நீ போன மறுநாளே ஒங்கப்பா பாத்துட்டாரு. ஒத்த மீனு யாருக்குக் காணும்? சாக்கடையில ஊத்திட்டோம்" என்றாள், முறத்தை என் பக்கம் தள்ளிக்கொண்டே.

தொட்டி மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.