ஸ்ரெல்லாவின் பிள்ளை

குருநகரில் மக்டலீனைப் பற்றிக் கதை வந்தால் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். வன்னிக்குத் தனியாகப் போனவள் சண்டை முடிந்து ஒரு பெண்குழந்தையோடு வந்து இறங்கினாள். கழுத்தில் தாலி இல்லை. தகப்பன் யாரென்று கேட்டால் பதிலும் இல்லை. ஊருக்கு அது போதுமாக இருந்தது.

அவள் போனது தங்கச்சிக்காக. ஸ்ரெல்லா, பொலிகண்டி ஜெயசுதனை விரும்பி, வீட்டுக்குத் தெரியாமல் அவனோடு முல்லைத்தீவுக்குப் போய்விட்டாள். இவர்களுடையது கத்தோலிக்க வீடு. அவன் சைவக்காரன், போதாததற்கு இயக்கத்தில் இருந்தவன். தாய் அவள் பெயரையே வீட்டில் எடுக்கவிடவில்லை. ஸ்ரெல்லா பிள்ளைத்தாச்சியாக இருக்கும் செய்தி மக்டலீனுக்கு மட்டும் இரகசியமாக வந்தது. பேறு முடிந்ததும் வந்துவிடுவேன் என்று ஜெறோமிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். சொந்த வள்ளம் வைத்திருந்த ஜெறோம், அந்த வருடமே அவளைக் கட்டுவதாக இருந்தவன். அவள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

பிறகு ஓட்டம்தான். முள்ளிவாய்க்காலில், தண்ணீர் எடுக்கப் போன ஸ்ரெல்லா ஷெல் பட்டு விழுந்தாள். பிள்ளை நிரோஜினி அந்நேரம் மக்டலீனின் மடியில் இருந்தாள். ஜெயசுதன் வட்டுவாகலில் ஆமியிடம் சரணடைந்தான். பஸ்ஸில் ஏறும்போது ஒருதரம் இவர்களைப் பார்த்தான். உடனே, தெரியாதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏனென்று மக்டலீனுக்கு விளங்கியது: தன் ஆட்களென்று தெரிந்தால் இவர்களையும் பிடித்துவிடுவார்கள். முகாமில் பதிந்தபோது, "என்ரை பிள்ளை" என்றாள்.

ஊருக்குத் திரும்பியபோது தாய் உயிரோடு இல்லை. ஜெறோம் மட்டும் காத்திருந்தான்.

"உம்மிலை எனக்குக் கோவமில்லை. பிள்ளை ஆற்றை, தகப்பன் ஆர் எண்டு மட்டும் சொல்லும். நான் வளர்க்கிறன்" என்றான்.

சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் சிவில் உடுப்பில் வந்து இயக்கக்காரரின் குடும்பங்களை விசாரிப்பவர்கள் வீட்டுக்கு வீடு, ஒழுங்கைக்கு ஒழுங்கை திரிந்த காலம் அது. ஜெறோம் நல்லவன், குடித்தால் வாய் நிற்காது.

"என்ரை பிள்ளைதான், ஜெறோம்."

அவன் பிறகு பாசையூரில் பெண் எடுத்தான். அவன் கலியாணத்தன்று மக்டலீன் நண்டுக் கொம்பனியில் சதை எடுத்துக்கொண்டிருந்தாள். நண்டின் ஓடு கையில் கிழித்ததைச் சாட்டாக வைத்து, எல்லோருக்கும் முன்னால் அழுதாள்.

நிரோஜினி வளர்ந்து படிப்பை முடித்து, மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டே போனில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் நடத்திய போராட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண், தம்பியின் படத்தை உயர்த்திப் பிடித்துக் கதறினாள்: "இவன்ரை மனுசியும் பிள்ளையும் ஷெல்லிலை செத்திட்டினம். இவனையாவது காட்டுங்கோ!"

"பாவமம்மா, உந்த மனுசி."

மக்டலீன் எட்டிப் பார்த்தாள். படத்தில் ஜெயசுதன். படத்தைப் பிடித்திருந்தவள் அவனுடைய அக்கா கேதீஸ்வரி. அதற்குமேல் மறைக்க அவளால் முடியவில்லை. சோறு காயக் காய எல்லாவற்றையும் சொன்னாள்.

நிரோஜினி போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "என்னைப் பெத்தவவைப் புதைச்சனீங்களோ?"

"ஓம். கையாலை மணல் கிண்டி."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"முதல் ஆமிக்குப் பயம். பிறகு... நீ போயிடுவியோ எண்ட பயம்."

அடுத்த கிழமை இருவரும் பொலிகண்டிக்குப் போனார்கள். கேதீஸ்வரி விஷயத்தைக் கேட்டு, நிரோஜினியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள். தம்பியின் கண்கள் அப்படியே இருந்தன. கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் மக்டலீன் பக்கம் திரும்பினாள்.

"உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு வருசா வருசம் திவசம் குடுத்தனான். நீயும் ஒரு பொம்பிளையே?"

மக்டலீன் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"மாமி, அம்மாவை அப்பிடிக் கதைக்காதேங்கோ" என்றாள் நிரோஜினி.

கேதீஸ்வரி அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இருத்தினாள். மக்டலீனை இருக்கச் சொல்லவில்லை.

அதன் பிறகு போராட்டம் நடக்கும் நாட்களில் நிரோஜினி மாமியோடு போய்த் தகப்பனின் படத்தைப் பிடித்து நின்றாள். ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்த யாரோ ஒருவன் தன்னைப் போனில் படமெடுத்தான் என்று வந்து சொன்னாள். மக்டலீன் எழும்பிப்போய்ப் படலையைப் பூட்டிவிட்டு வந்தாள்.

"இனிப் போகாதை, பிள்ளை. கும்பிட்டுக் கேக்கிறன்."

"நான் போகாட்டி அவரை ஆர் தேடுறது, அம்மா?"

அடுத்த போராட்டத்தன்று மக்டலீன் கொம்பனியில் லீவு சொல்லிவிட்டுத் தானும் போனாள். கூட்டத்துக்குள் போகக் கால் வரவில்லை. வீதிக்கு மற்றப் பக்கம், ஒரு வேப்பமரத்தடியில் நின்று, வந்துபோகிற ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கேதீஸ்வரி அவளைக் கண்டாள். கூப்பிடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை. வெயில் ஏறியதும், தனக்கென்று வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை நிரோஜினியிடம் கொடுத்து, "கொண்டுபோய் அவளுக்குக் குடு" என்றாள்.