ஈரச்சாக்கு சுற்றிய வைன் சாடி

விடத்தல்தீவில் ஐஸ் ஆலை போட்டது நான். தோட்டவெளியில் இரண்டு தட்டு வீடு, ஏழு படகு, ஒரு குளிர் லொறி, எல்லாம் இந்தக் கையால் வந்தவை. படிப்பு மூன்றாம் வகுப்பு. நான் சொல்லச் சொல்ல மகள் கனடாவிலிருந்து போனில் கேட்டு எழுதுகிறாள். மேல்தட்டில் இப்போது புறாக்கள்தான்.

இந்த வெக்கையில் குளிரைப் பிடிக்க எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. எட்டு வயதில் நானாகக் கண்டுபிடித்தேன்.

அம்மா செத்த பிறகு அப்பா மலைநாட்டிலிருந்து சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். அப்பாவுக்குக் கடலே கதி. வீட்டில் என்னோடு கதைக்க இருந்த ஒரே ஆள் சின்னம்மா.

அந்தோனியார் கோயில் திருநாளுக்கு வைன் போடவென்று அவர் திராட்சையைச் சீனியோடு பிசைந்து, சாடியை மூடிக் கட்டி அறையில் வைத்தார். நாற்பது நாள் தொடக்கூடாது. அது அவர் ஊர்க் குளிருக்கு வைத்த கணக்கு. இங்கே வைகாசியில் தொடங்கும் சோளகக் காற்றிலும் வெக்கையிலும் பழம் கொதித்துப் புளித்துவிட்டது. அப்பாவின் தங்கச்சி, என் மாமி, ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"இனி வினாகிரி வாங்கத் தேவையில்லை, மச்சாள்."

அடுத்த வருசம் சாடியைக் கட்டும்போது சின்னம்மா சிரித்தபடி என்னிடம் சொன்னார்: "இந்த வாட்டியும் புளிச்சா, நான் எங்கம்மா வீட்டுக்கே போயிருவேன்டா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வள்ளத்தில் மீன் பழுதாகாமல் அப்பா ஈரச்சாக்கு போடுவதைப் பார்த்திருக்கிறேன். மீனுக்குச் சரியென்றால் வைனுக்கும் சரிதானே. சாடியைச் சாக்கால் சுற்றி, காற்றுப்படும் யன்னலடிக்கு நகர்த்தி, நாற்பது நாளும் களவாகக் கிணற்றுத்தண்ணீர் தெளித்தேன்.

திருநாளன்று அப்பா சாடியைத் திறந்தார். பழவாசம் முற்றம் வரை வந்தது. மாமி இரண்டாம் கிளாஸ் கேட்டார். சின்னம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீட்டு ருசி," என்றார். 

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். மூன்றாம் நாள், தன் அம்மாவை ஒருக்கால் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி சின்னம்மா பஸ் ஏறினார். அடுத்த சோளகத்துக்கும் நான் சாக்கை நனைத்து வைத்திருந்தேன். அவர் வரவேயில்லை.

புளித்தால் போய்விடுவார் என்றுதானே பயந்தேன். நன்றாய் வந்தாலும் போவார் என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

இன்றைக்கும் அந்த வைனைப் பற்றிக் கதை வந்தால் சின்னம்மாவின் கைராசி என்பார்கள், அந்தோனியார் செய்த புதுமை என்பார்கள். சாக்கை ஒருவரும் சொல்வதில்லை. மகள், வடிவாய் எழுது: அந்த வைன் நல்லாய் வந்தது என்னால். அவர் போனதும் என்னால்தான். இரண்டிலும் என்ர பேர் இருக்கவேணும்.